அம்புஜத்தின் மேல்தாடைக்கு வாய்த்த எலும்பு

பல்லை முல்லையரும்பு என்றும் முத்து என்றும் பாடி வைத்தார்கள் பழையோர். அந்த முத்தை ஏந்தி நிற்கும் எலும்பைப் பாடியவர் எவருமில்லை. எலும்பை மாலையாகக் கோத்து அணிந்தவன் என்று இறைவனைப் போற்றும்போதுகூட அது இறந்தவர் எலும்பாகவே இருந்தது. உயிரோடு இருப்பவர் முகத்துக்குள், உதட்டை ஒட்டி, முட்டை ஓடு போன்ற மெல்லிய சுவர் ஒன்று நின்று பல்வரிசையைக் காக்கிறது. கன்னட நாட்டுச் சந்தாபுராவில் குடியிருக்கும் உடற்பயிற்சி ஆசிரியை அம்புஜம் இதைத் தன் முப்பத்தொன்பதாம் வயதில், ஓர் ஆனி மாதக் காலையில், ஒரே நொடியில் அறிந்துகொண்டாள்.

திருப்பத்தூரில் பிறந்தவள், கல்லூரி நாளில் குண்டெறிதலில் மாநில அளவு வரை சென்றவள். நான்கு கிலோ இரும்பைக் கழுத்தோடு அணைத்துச் சுழன்று எறிந்த வலத்தோள் இன்னமும் இடத்தோளைவிட ஒரு விரல் தடித்திருக்கும். கணவன் சிவசங்கரன் அத்திபெலேயில் ஒரு தொழிற்சாலையில் கிடங்குப் பொறுப்பாளன். நெற்றியில் திருநீறின்றி வாசல் தாண்டாதவன். அவன் எவ்வளவு சாந்தமோ அவள் அவ்வளவு சினம். பள்ளியில் அவள் ஊதலைக் கேட்டால் வகுப்பறைக்குள் இருக்கும் பிள்ளைகளும் நிமிர்ந்து உட்காருவார்கள். நியாயம் தன் பக்கம் இருக்கையில் ஓர் அடி பின்வாங்குவதும் அவளுக்குத் தோல்விதான்.

அந்தக் காலையில் நியாயம் அவள் பக்கம் இருந்தது. மழைநீர் தேங்கிய பக்கச் சாலையில், பதினொரு வயது மகள் சிந்துவைப் பின்னால் அமர்த்தி ஸ்கூட்டரில் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தாள். எதிர்த்திசையில், வரக்கூடாத வழியில், ஒருவன் மோட்டார்சைக்கிளில் வந்து அவள் சக்கரத்துக்கு நேரே நின்றான். தண்ணீர் லாரிகள் இரண்டுக்கு உரிமையாளன், பெயர் ஹரிஷ்குமார் என்பதெல்லாம் பின்னர் தெரிந்தவை. அப்போது அவன் ஒரு கறுப்புத் தலைக்கவசமும் அதற்குள் இரண்டு கண்களும் மட்டுமே. ஒதுங்கச் சொல்லி ஹாரனை அழுத்தினான். அவள் இன்ஜினை அணைத்துவிட்டுக் காலூன்றி நின்றாள்.

"ராங் சைடுல வந்துட்டு என்னய ஒதுங்கச் சொல்றியா? நீ திருப்பிட்டுப் போ."

"பொம்பளயாச்சேன்னு பாக்குறேன்."

"பாக்காத."

அவன் இறங்கினான். தலைக்கவசத்தைக் கழற்றினான், வியர்வையைத் துடைக்கத்தான் என்று அவள் எண்ணினாள். அதன் தாடைப்பட்டியைக் கையில் சுற்றிக்கொண்டதைக் கண்டபோது அவள் தோள் தானாக எழுந்தது. ஆனால் கை எழவில்லை. அச்சத்தில் சிந்து பின்னாலிருந்து அவள் இரு முழங்கைகளையும் இறுகப் பிடித்திருந்தாள்.

தேங்காய் கல்லில் சிதறும் ஓசை தன் தலைக்குள்ளிருந்தே எழக் கேட்டாள். வலி அதற்குப் பின்னர்தான் வந்தது. மேலுதடு இரண்டாகப் பிளந்து தொங்க, வாய் நிறைந்து வழிந்த சூடு கழுத்தில் தொங்கிய ஊதலை நனைத்து மார்பில் இறங்கியது. முன்பற்கள் நான்கில் இரண்டு சேற்றில் விழுந்தன. ஒன்று ஸ்கூட்டரின் கால்பலகையில் கிடந்தது. மற்றொன்று பிளந்த உதட்டிலேயே குத்தி நின்றது. பற்களைத் தாங்கிய எலும்பின் வெளிச்சுவரும் அவற்றோடு பெயர்ந்து போயிற்று. அவன் இன்னொரு முறை ஓங்கினான். கூடி நின்றவர்களில் யாரோ பிடித்துத் தள்ளினார்கள். அவள் விழவில்லை. விழுந்தால் வண்டி குழந்தைமேல் சாயும் என்று இரத்தம் வழிய வழியக் காலூன்றி நின்றாள்.

வண்டி எண்ணை ஒருவர் குறித்துக் கொடுத்தார். வழக்குப் பதிவாயிற்று. அரசு மருத்துவமனையில் பதினேழு தையல் போட்டார்கள். காயச் சான்றிதழும் எக்ஸ்ரே படமும் காவல் நிலையத்துக்குப் போயின. ஆறு வாரம் கழித்து, வீக்கம் வடிந்ததும், சிவசங்கரன் அவளைச் சந்தாபுராவிலேயே இருக்கும் பல்மருத்துவர் வீணாவிடம் அழைத்துச் சென்றான்.

வீணா கன்னட வீட்டுப் பெண். தமிழ் நோயாளிகளிடம் பேசிப் பேசியே தமிழ் கற்றவள். அம்புஜத்தின் தாடையைச் சுற்றிவரும் கருவியில் படம் எடுத்துப் பார்த்துவிட்டு மேசைமேல் மூன்று சிறு குப்பிகளை வரிசையாக வைத்தாள். நான்காவதன் இடத்தில் குப்பிக்குப் பதில் தன் சுட்டுவிரலை ஊன்றினாள்.

"சுவல்ப, கொஞ்சம் கேளுங்க மேடம். எலும்பு இப்போ ஆறு மில்லிமீட்டர் அகலம் இருக்கு. இதுல எத வெச்சுக் கட்டுனாலும் நிக்கும். அப்புறம் அதுல ஸ்க்ரூ எறக்கிப் பல்லு வெச்சுடலாம். ஆனா சும்மா விட்டீங்கன்னா கரைஞ்சுடும். பல்லு இல்லாத எலும்பு வேல போன ஆள் மாதிரி. இளைச்சுக்கிட்டே போகும்."

பிறகு ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னாள். முதற்குப்பியில் இருந்தது தொழிற்சாலையில் செய்த சுண்ணாம்புச் சத்து. எவ்வுயிரிடமிருந்தும் எடுக்காதது, ஆனால் எப்போது எவ்வளவு கரையும் என்று உறுதி கூற இயலாதது. இரண்டாவது மாட்டெலும்பு. கடுஞ்சூட்டில் கொழுப்பும் தசைநாரும் அறவே நீக்கி, வெண்மணலாக எஞ்சியது; புது எலும்பு அதன் இடுக்குகளில் மெதுவாகவே படரும், ஆனால் கட்டிய உருவம் பல ஆண்டு குலையாது. மூன்றாவது, தானம் செய்யப்பட்ட மனித எலும்பு. சோதித்து, உறையவைத்து, உலர்த்தியது. இம்மூன்றும் சாரம் கட்டுவது போலத்தான். அவற்றில் ஏறி வேலை செய்ய வேண்டியது அவள் உடம்பே. குப்பியில்லாத நான்காவது அவளுடைய சொந்த எலும்பு. கீழ்த்தாடையின் பின்மூலையில் வெட்டி எடுப்பது. அதில் உயிரணு இருப்பதால் விரைந்து பற்றும். ஆனால் சற்றுச் சுருங்கும். அதற்கென்று இன்னோர் இடத்தை அறுத்தும் ஆக வேண்டும்.

சிவசங்கரன் தலையசைத்துக் கேட்டுக்கொண்டிருந்தான். அம்புஜம் ஒவ்வொரு குப்பியையும் பகைவனைப் பார்ப்பது போல் பார்த்தாள். முதலாவது, மைதானத்தில் ஓட்டக் கோடு போடும் சுண்ணாம்புத் தூளை நினைவூட்டியது. ஒரு மழைக்கு நிற்காது. மாட்டுப்பொங்கலன்று மாலையிட்டு வணங்கும் உயிரை வாய்க்குள் அடைப்பதா என்று இரண்டாவதைத் தள்ளினாள். மூன்றாவதைச் சுட்டி, அது யார் என்று கேட்டாள். பெயர் தெரியாது என்றாள் வீணா. நான்காவதற்கு அம்புஜம் சொன்ன விடை ஒன்றே.

"இன்னொரு தடவ என் தாடைய ஒடைக்கணுமா டாக்டர்? ஒருத்தன் ஒடைச்சதே போதும்."

இவையெல்லாம் அவள் வாயால் சொன்ன காரணங்கள். உண்மைக் காரணம் வேறு. குண்டெறியும் களத்தில் ஒரு விதி உண்டு. இரும்பு விழுந்த தடத்தை நடுவர் நாடா பிடித்து அளக்கும் வரை எவரும் மிதிக்கலாகாது. அளந்த பின்னரே மண்ணைக் கூட்டி நிரவலாம். இருபத்தொரு வயதில், மாநிலப் போட்டி ஒன்றில், அவள் எறிந்த தலைசிறந்த எறிதலின் தடத்தை யாரோ ஒரு பணியாள் அவசரத்தில் மிதித்துவிட்டார். அளக்க முடியாமற்போன அந்த எறிதலுக்கு நிகராக மற்றொன்றை அவள் எறியவேயில்லை. இப்போது அவள் வாயில் இருப்பதும் ஒரு தடம். நீதிபதி கண்ணால் காணும் வரை அதை நிரவ விடமாட்டேன் என்று தனக்குள் முடிவு கட்டிவிட்டாள்.

எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்க்கும் தம்பி கவியரசன் இதை எப்படியோ ஊகித்துத் தலைப்பாடாய் அடித்துக்கொண்டான். எக்ஸ்ரே இருக்கிறது, சான்றிதழ் இருக்கிறது, வாயை யாரும் திறந்து பார்க்கப் போவதில்லை என்று எடுத்துச் சொன்னான்.

"அதெல்லாம் காயிதம்டா," என்றாள் அவள். பிளந்து கூடிய உதட்டைத் தொட்டுக் காட்டினாள். "அவன் பண்ணது இங்க இருக்கு."

வழக்கு ஒத்திவைக்கப்பட்டது. மீண்டும் ஒத்திவைக்கப்பட்டது. ஒருமுறை வழக்கறிஞர்கள் வேலைநிறுத்தம், ஒருமுறை சாட்சி வரவில்லை, ஒருமுறை நீதிபதி மாற்றல். மாதங்கள் சென்றன. அவள் ஊதலை இடப்பக்கக் கடைவாயில் கவ்வி ஊதப் பழகினாள். ஓசை முன்போல் எழவில்லை; மூச்சு பல்லில்லாத இடைவெளியில் கசிந்து போயிற்று. பேச்சும் கசிந்தது. பிள்ளைகள் பின்னால் நின்று அவளைப் போல் பேசிக்காட்டிச் சிரித்தார்கள்.

சினம் வெளியேற வாயில் இல்லாமல் தோளில் தங்கியது. பதினெட்டு ஆண்டுகளாகத் தொடாத இரும்புக் குண்டை மீண்டும் எடுத்தாள். மாலைதோறும் பள்ளி விட்டபின் மைதானத்தின் கோடியில் நின்று எறிந்தாள். ஒவ்வோர் எறிதலுக்கும் எதிரே அதே முகம் நின்றது. இரும்பு கையை விட்டுப் பிரியும் கணத்தில் அந்த முகத்தின் மேலுதடு கிழியும், பல் தெறிக்கும், அதற்குப் பின்னால் இருக்கும் மெல்லிய சுவர் நொறுங்கும். வீணாவிடம் கற்ற பாடத்தால் எது எந்த வரிசையில் உடையும் என்று அவளுக்குத் துல்லியமாகத் தெரிந்திருந்தது. குண்டு மண்ணில் விழும் மந்த ஓசை அவளுக்குப் போதவில்லை. சுற்றுச்சுவருக்கு அருகே நகர்ந்து நின்று சுவரையே குறிவைத்தாள். பத்தாம் நாள் சிமென்ட் கல் இரண்டு பெயர்ந்து விழுந்தன. வேண்டிய ஓசை அதில் கிடைத்தது. மறுநாளும் எறிந்தாள்.

ஓராண்டு கழிந்தபோது வீணா மறுபடியும் படமெடுத்தாள். அகலம் மூன்றரை மில்லிமீட்டர். இனித் தூளை மட்டும் அடைத்துக் கட்ட முடியாது, மூன்று குப்பிகளும் தனித்து நிற்கும் தகுதியை இழந்துவிட்டன என்றாள். இன்னும் நாள் கடத்தினால் கத்திமுனை ஆகிவிடும் என்றும் சொன்னாள். அன்று மாலை சிந்து அடுப்பங்கரை வாசலில் நின்று மெதுவாகப் பேச்செடுத்தாள்.

"ம்மா, பல்லு கட்டிக்கோம்மா. எல்லாரும் சிரிக்கிறாங்க. என்னயால தான இப்டி ஆச்சு?"

கடைசிச் சொல் காதில் ஏறுமுன் அம்புஜத்தின் கை வீசிவிட்டது. இரும்பு எறியும் கை. குழந்தை சுவரில் மோதிச் சரிந்தாள். அழவில்லை. இரண்டு உள்ளங்கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். விரல்களுக்குப் பின்னால் நாக்கால் தன் முன்பற்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்ப்பது கன்னத்தின் அசைவில் தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டு அம்புஜம் அடுப்பை அணைக்கவும் மறந்து நின்றாள். பால் பொங்கித் தீய்ந்தது. சிவசங்கரன் வந்து மகளைத் தூக்கிக்கொண்டு போனான். அம்புஜம் அதன்பின் குண்டைத் தொடவில்லை. ஆனால் தடத்தையும் விடவில்லை. இவ்வளவு காத்தபின் விட்டால், மகளை அடித்ததற்கும் பொருளில்லாமற் போய்விடும் என்று தோன்றியது.

இருபதாம் மாதம் சாட்சி சொல்ல அழைப்பு வந்தது. மாசி வெயிலில் தாலுகா நீதிமன்றத்தின் வராந்தா நிறைந்து வழிந்தது. அவள் பட்டுச்சேலை உடுத்தி, திருநீறு பூசி, வழக்கமாக வாய்க்குமேல் இழுத்துப் பிடிக்கும் முந்தானையை அன்று இறுகச் செருகியிருந்தாள். கூண்டில் ஏறி நடந்ததைச் சொன்னாள். தட்டச்சருக்குப் புரியும்படி தெளிவாகப் பேசச் சொன்னார் நீதிபதி. தெளிவாக வராது, காரணத்தைத் தாங்களே பாருங்கள் என்று சொல்லி, உதட்டை இரு விரலால் உயர்த்தப் போனாள். அவர் கோப்பிலிருந்து தலையெடுக்காமல் கையசைத்தார். வேண்டாம், சான்றிதழில் இருக்கிறது என்றார்.

அவ்வளவுதான். இருபது மாதம் எவரையும் மிதிக்க விடாது காத்த தடத்தை நடுவர் திரும்பியும் பார்க்கவில்லை.

எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எழுந்து பணிவாக ஒரு கேள்வி கேட்டார். காயம் அத்தனை கொடியதென்றால் இருபது மாதமாகச் சிகிச்சை செய்துகொள்ளாதது ஏன்? அவளிடம் விடை இருந்தது. சொன்னால் அந்த அறையில் யாருக்கும் விளங்காது என்பதும் அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. கூண்டை விட்டு இறங்கினாள்.

வராந்தாவில் ஹரிஷ்குமார் ஒரு கல்தூணில் சாய்ந்து நின்றிருந்தான். அந்த முகத்தை அவள் அருகில் நின்று நிதானமாகக் காண்பது அதுவே முதன்முறை. சாதாரண முகம், காதோரம் நரை. கேள்வி பலித்த மகிழ்ச்சியில் அவன் சிரித்தான்.

"என்ன டீச்சர், இன்னும் பல்லு கட்டலியா? எவ்ளோ நாளுக்குத்தான் பொக்க வாயக் காமிச்சுட்டுத் திரிவீங்க?"

அவள் இடக்கை அவன் சட்டைக் கழுத்தைப் பற்றியது. தூணோடு சேர்த்து அழுத்தினாள். அவன் குதிகால் தரையை விட்டு எழுந்தது. வலத்தோள் பின்னுக்குச் சுழன்றது. நான்கு கிலோ இரும்பை எறிந்து பழகிய உடம்பு மொத்தமும் இடுப்பிலிருந்து திரண்டு கைமுட்டிக்குள் ஏறியது. உடன் வந்திருந்த கவியரசன் கத்தியது தொலைவில் எங்கோ கேட்டது. இதோ கிழியப்போகும் உதடு. இதோ தெறிக்கப்போகும் பல். இதோ அந்தச் சுவர்.

ஹரிஷ்குமார் இரண்டு உள்ளங்கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டான்.

முட்டி கிளம்பிவிட்டது, நிறுத்த இயலாது. ஆனால் திசை திரும்பியது. அவன் காதை உரசிக்கொண்டு போய்க் கல்தூணில் மோதிற்று. அவள் நன்கறிந்த அதே ஓசை, இம்முறை தன் கைக்குள்ளிருந்து. தோல் கிழிந்து தூணில் இரத்தம் தெறித்தது. அவன் தூணோடு சரிந்து உட்கார்ந்தான். வாயிலிருந்து கையை எடுக்கவில்லை. காவலர் ஓடிவந்து அவளைப் பிடிக்கையில் அவள் திமிறவில்லை. அவனைக் குனிந்து பார்த்து ஒன்றே சொன்னாள்.

"கைய எடு. எல்லாம் அப்டியேதான் இருக்கு."

அடி எவர்மேலும் படாததால் எச்சரித்து விட்டுவிட்டார்கள். சுண்டுவிரலைத் தாங்கும் கையெலும்பு முறிந்திருந்தது. மாவுக்கட்டோடு அவள் நேரே வீணாவின் மருத்துவமனைக்குப் போனாள். படத்தில் மேல்தாடையின் விளிம்பு இரண்டு மில்லிமீட்டராகத் தேய்ந்து கத்தியலகு போல நின்றது. வீணா இப்போது குப்பிகளை வரிசைப்படுத்தவில்லை.

"இனி கட்டியா ஒரு துண்டு வெச்சு ஸ்க்ரூ போட்டு நிறுத்தணும் மேடம். தூளு நிக்காது. உங்களோடதேதான் வேணும். ஆனா அது கொஞ்சம் சுருங்கும். அதனால சுத்தி மாட்டெலும்பு போட்டு அடைக்கிறேன். உங்களோடது சீக்கிரம் ஒட்டும், அது உருவத்தப் புடிச்சு வெக்கும்."

எவற்றை வேண்டாமென்று முதலில் தள்ளினாளோ அவற்றில் இரண்டு சேர்ந்து வந்து நின்றன. அவள் உடன் வந்திருந்த கணவனைப் பார்த்தாள். சிவசங்கரன் நெடுநாளைக்குப் பின் சிரித்தான்.

"நெத்தியில பூசுற திருநீறே சாணத்தச் சுட்டதுதான அம்பு? வெளிய வெக்கலாம், உள்ள வெக்கக் கூடாதா?"

சித்திரை விடுமுறையில் நாள் குறித்தார்கள். மரப்பு ஊசி மட்டும், மயக்கம் இல்லை. வீணா கீழ்த்தாடையின் இடது பின்மூலையில் ஈறை அறுத்து விலக்கி, மெல்லிய வாளால் எலும்பில் நான்கு கோடு கீறினாள். வலி இல்லை. அரைபடும் ஓசையும், தீயும் நகத்தின் வாடையும், தொண்டைக்குள் இறங்கும் நீரும் இருந்தன. பிறகு உளியைப் பொருத்தினாள். கையில் சிறு சுத்தியல்.

"தட்டுறேன் மேடம்."

மண்டையோடு முழுவதும் அதிர்ந்தது. அம்புஜத்தின் கால்கள் நாற்காலியில் உதைத்துக்கொண்டன. மாவுக்கட்டுப் பிரித்த கை தானே எழுந்து முகத்தை மறைக்க வந்தது. பின்னால் யாரோ முழங்கையைப் பிடித்திருப்பது போலவும், மழைநீரும் இரத்தமும் கலந்து வழிவது போலவும் இருந்தது. வீணா சுத்தியலைத் தாழ்த்திக் காத்திருந்தாள். எவ்வளவு நேரமானாலும் காத்திருப்பாள் என்று தெரிந்தது. அம்புஜம் எழுந்த கையைத் தானே கீழிறக்கி நாற்காலியின் பிடியில் வைத்தாள். கட்டைவிரலை உயர்த்தினாள்.

"தட்டுறேன்."

அடி விழுந்தது.

"தட்டுறேன்."

மறுபடியும் விழுந்தது. ஒவ்வோர் அடிக்கும் முன்னால் அந்தச் சொல் வந்தது. ஒவ்வொரு சொல்லுக்கும் அவள் கட்டைவிரல் உயர்ந்தது. ஒன்பதாம் அடியில், பச்சை விறகு பிளப்பது போல் ஒரு முறிவு. வீணா இடுக்கியில் எடுத்துக் காட்டினாள்: கட்டைவிரல் நகத்தளவு வெண்துண்டு, ஓரத்தில் இரத்தம் ஊறியது. அதை மேல்தாடையின் கத்திமுனைமேல் பொருத்தி, இரு சிறு திருகாணிகளால் இறுக்கி, சுற்றிலும் மாட்டெலும்பின் வெண்மணலை அப்பி, மேலே மென்படலம் போர்த்தித் தைத்தாள். ஐந்து மாதம் ஊதலைத் தொடக்கூடாது, தும்மினாலும் வாயைத் திறந்தே தும்ம வேண்டும் என்றாள்.

அம்புஜம் அந்த ஐந்து மாதமும் மைதானத்தில் கைதட்டியே பிள்ளைகளை ஓட்டினாள். கைதட்டும் வேலையைச் சில நாள் சிந்துவிடம் விட்டாள். இடையே தீர்ப்பு வந்தது; ஹரிஷ்குமாருக்கு ஓராண்டுச் சிறை, அவன் மேல்முறையீடு செய்திருக்கிறான் என்று கவியரசன் கைபேசியில் சொன்னபோது அவள் உப்புநீரில் வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தாள். துப்பிவிட்டு, சரி என்றாள்.

புரட்டாசியில் வீணா அந்த இடத்தைத் திறந்தாள். திருகாணிகளைக் கழற்றினாள். துண்டு அசையவில்லை. ஒட்டிய இடம் எது, பழைய எலும்பு எது என்று கோடு பிரிக்க முடியவில்லை. வெண்மணல் மணிகள் மட்டும் அங்கங்கே பதிந்து தெரிந்தன. சிறு அளவுகோலை வைத்துப் பார்த்துவிட்டு, பல்லுக்கான முதல் துளையை இட்டாள். துளையின் அடியிலிருந்து செந்நீர் மெல்ல ஊறி விளிம்பு வரை நிறைந்தது. இரத்தச் சுவை நாக்கில் பட்டதும் அம்புஜம் நாற்காலியின் பிடியை இறுகப் பற்றினாள். வீணா கண்ணாடியை அவள் கண்ணெதிரே பிடித்தாள்.

"பயப்படாதீங்க. இது வரலேன்னாதான் நான் பயப்படணும். செத்த எலும்புல ரத்தம் ஊறாது."

அம்புஜம் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். மரத்த உதட்டால் சொல்லை உருட்டிக் கேட்டாள்.

"அளந்துட்டீங்களா?"

"ஆறரை."

"அப்ப மூடிடுங்க டாக்டர்."